இருபது கிராம்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என்னை இந்த வீட்டிலிருந்து எடுத்துவிடுவதாகக் கடிதம் வந்தது. காரணம், நான் நாற்பத்தோரு வருடமாகச் சாப்பிடவில்லை. கையெழுத்து சரியாக இருந்தது. முத்திரையும் இருந்தது.

பத்தேகாலுக்கே அளவை அலுவலகத்துத் தெய்வசிகாமணி வந்துவிட்டார். கையில் தராசு. பின்னால் சூட்கேஸோடு ஒரு பெண்.

"இவங்க கோமளா. உங்க இடத்துக்கு வர்றவங்க" என்றார்.

"உள்ள வாங்க" என்றேன்.

கோமளா என் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு தடவை குதித்தும் பார்த்தார்.

தெய்வசிகாமணி எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கு நோட்டைப் பிரித்தார். என் வீட்டுக்காரரின் பக்கங்கள் நிரம்பியிருந்தன. நான்கு இட்லி, எட்டு கிராம் புரதம். சாம்பார் இரண்டு கரண்டி. முட்டை ஒன்று, ஆறு கிராம். எல்லாம் என் கையெழுத்து. என் பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நான் சாப்பிட்டுக்கிட்டுதான் சார் இருக்கேன்."

"எதுல?"

"சட்டியில. குழம்பு வச்ச சட்டியில சோத்தைப் போட்டுப் பெரட்டி."

"சட்டிக்கு அளவு கிடையாதும்மா. தட்டுல வச்சாத்தான் அளவு."

"பிஞ்சுபோன தோசை?"

"முழுத் தோசை நூத்தி முப்பது கலோரி. பிஞ்சது தோசையே இல்ல."

"உப்புப் பாக்கறதுக்கு உள்ளங்கையில ஊத்திக்கறது?"

"அது வேலை."

"அப்ப நாப்பத்தோரு வருஷமா எப்படி சார் உயிரோட இருக்கேன்?"

"அதைத்தான் ஆபீஸ்லயும் கேக்குறாங்க."

கோமளா தலையை நீட்டினார். "அக்கா, பாத்ரூம்ல வெந்நீர் வருமா?"

"சுவிட்ச் வெளியில இருக்கு. பத்து நிமிஷம் ஆகும்."

தெய்வசிகாமணிக்கு இரக்கம் வந்தது. அதற்கும் ஒரு படிவம் இருந்தது. பதினோரு மணிக்குள் இருபது கிராம் புரதம். தட்டில். நான் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறொருவர் பரிமாற வேண்டும். நான் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் போகும்.

"ஏங்க" என்று கூப்பிட்டேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"சரி. கரண்டி எங்க இருக்கு?"

"அடுப்புக்கிட்ட."

"அடுப்பு எங்க இருக்கு?"

நேராகப் போகச் சொன்னேன். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பத்தடிதான். அன்றைக்கு அவர் நடக்க நடக்க நீண்டது. நடுவில் நான்கு டியூப்லைட் புதிதாக எரிந்தன. கடைசியில் அவர் கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தார்.

குக்கர் விசில் அடித்தது. எழுந்தேன். பத்தரை, பத்து நாற்பது ஆயிற்று.

"உக்காருங்கம்மா" என்றார் தெய்வசிகாமணி.

உட்கார்ந்தேன். கோமளா இருமினார். தண்ணீர் கொடுக்க எழுந்தேன். பத்து ஐம்பது.

"வேணும்னே இருமுனீங்களா?"

"எனக்கு டஸ்ட் அலர்ஜிக்கா."

அலமாரிக்கு மேல் துடைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. நாற்காலியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். கால்கள் தானாகத் தரையைத் தேய்த்தன.

ஐம்பத்தாறுக்கு அவர் வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது. இடுப்பில் பெரிய அண்டா. நாங்கள் இரண்டு பேர்தான். அந்த அண்டா எங்கள் வீட்டில் கிடையாது. உள்ளே கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. மேலே அவித்த முட்டைகள்.

ஒரு முட்டையை வைத்தார். "ஆறு" என்றார் தெய்வசிகாமணி. கரண்டியில் பாதி சுண்டல். "ஒம்பது."

"போதும்" என்றது என் வாய். கையும் தட்டை மறைத்தது.

அவர் நிறுத்திவிட்டார்.

"போதும்னா நிறுத்திடுவீங்களா?"

"நீதான சொன்ன?"

"நீங்க போதும்னு சொன்னப்பல்லாம் நான் நிறுத்துனேனா? அதுக்கப்பறம் ரெண்டு வைக்கலியா?"

"அதனாலதான் எனக்கு சுகரு."

தெய்வசிகாமணி பென்சிலை நக்கினார். "பதினொண்ணு குறையுது. இனிமே அவரா வைக்க முடியாது. நீங்களா வாயைத் தொறந்து கேக்கணும்."

வாயைத் திறந்தேன். "உங்களுக்கு இருக்கா?" என்று வந்தது.

"செல்லாது" என்றார்.

மறுபடி திறந்தேன். "கோமளா சாப்டாச்சா?"

"செல்லாது. மணி அம்பத்தொம்பது."

கோமளா என் பீரோவில் தன் நைட்டியை மாட்டிக்கொண்டிருந்தார். என் புடவைகளை ஓரமாகத் தள்ளும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் தள்ளினார்.

கையைத் தட்டிலிருந்து எடுக்கப் பார்த்தேன். கை வர மறுத்தது. இடது கையால் தூக்கி மடியில் வைத்தேன்.

"வைங்க" என்றேன்.

அது பெரிய குரலாக இருந்தது. மேல்வீட்டில் மின்விசிறி நின்றது.

அவர் வைத்தார். "பதினஞ்சு" என்றார் தெய்வசிகாமணி. "இன்னும்" என்றேன். "இருவத்தொண்ணு. ஆச்சும்மா. முடிஞ்சுது." முத்திரை குத்தினார்.

கோமளா நைட்டியை மடித்து சூட்கேஸில் வைத்தார். "கீழ்வீட்டுலயும் ஒருத்தங்க இருக்காங்களாமே" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். இருவரும் படியிறங்கிப் போனார்கள். தராசை மறந்துவிட்டார்கள்.

நான் தட்டை நகர்த்தவில்லை.

"இன்னும்" என்றேன். அவர் வைத்தார். "இன்னும்." முப்பது இருக்கும். ஐம்பது இருக்கும். கணக்குச் சொல்ல ஆள் இல்லை. நாற்காலி என் கீழே மெல்ல அகலமாகியது. அவர் கரண்டியை அண்டாவுக்குள் தோள் வரை விட்டுத் துழாவினார். அடியில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"எனக்கு மிச்சம் இருக்குமா?" என்று கேட்டார்.

"வைங்க" என்றேன்.