அறுபத்துமூன்று ‘கெட்’

‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என் நோட்டில் அறுபத்துமூன்று அர்த்தம் இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் கெட், இறங்கினால் கெட், ஜுரம் வந்தால் கெட், கல்யாணம் ஆனாலும் கெட். மந்தைவெளி மாதா கோயில் ஹாலில், வீட்டுவேலை செய்யும் பெண்களை இருபது வருஷமாக அதை வரிசை மாறாமல் ஒப்பிக்க வைத்தவள் நான், டெல்பின் மிஸ்.

மூன்று மாதம் முன்பு பக்கத்து அறையில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஷண்முகப்ரியா வந்தாள். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். நோட்டும் கிடையாது, ஒப்பித்தலும் கிடையாது. பெண்களை எதிரெதிரே நிறுத்திப் பேசவிடுவாள். தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். என் பதினாலு பேரில் பதிமூன்று பேர் அங்கே போய்விட்டார்கள்.

மிச்சம் செண்பகம். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கோட்டூர்புரத்தில் சமையல் வேலை பார்ப்பவள். அடையாறில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷன் வேலைக்கு அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இனிமே அடுப்புல வேவ முடியாது மிஸ். இத்த வுட்டா எனக்கு வேற வழி இல்ல" என்றாள்.

ஷண்முகப்ரியா என்னைத் தேடி வந்தாள். "செண்பகத்தை ரெண்டு வாரம் எங்கிட்ட அனுப்புங்க மேடம். இன்டர்வியூல பேசற மாதிரி பழக்கி விடறேன்."

நல்ல யோசனைதான். எனக்கு எரிச்சலே அதனால்தான். செண்பகத்திடம், "அந்த கிளாஸ்ல இடம் இல்லையாம்" என்று சொல்லிவிட்டு, நாற்பதாவது அர்த்தத்தை ஒப்பிக்கச் சொன்னேன்.

இன்டர்வியூ முடிந்து திங்கட்கிழமை வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஃபைல கெட் பண்ண முடியுமான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க மிஸ். அது எத்தினியாவது நம்பர்னு மனசுக்குள்ள தேடிக்கினே நின்னேன். அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்ட்டாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மிச்ச இருபத்துமூணையும் படிச்சிருந்தா கெடச்சிருக்கும். தப்பு என்னுதுதான்."

"நீ பக்கத்து கிளாஸுக்கே போயிடு செண்பகம்" என்றேன்.

"இப்பக்கூட அந்த மிஸ் வாசல்லயே நின்னு வான்னு கூப்ட்டாங்க. இப்பதான் எடம் காலியாச்சு போல. நான் போவல மிஸ். நானும் போய்ட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

இப்படி ஒருத்தி சொல்லமாட்டாளா என்றுதான் மூன்று மாதமாக ஏங்கினேன். செண்பகம் நோட்டைத் திறந்து நாற்பத்தொன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.