களத்தோரம் ஏழு ஜோடி ஷூ

தில்லியில் கபடிக்கென்று ஒரு தேசியக் குழு அமைந்த பிறகுதான், ஊருக்கொரு விதமாக ஆடிவந்த ஆட்டத்துக்கு ஒரே சட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் எழுபத்தெட்டில், ஆடுகிறவர்கள் எல்லோரும் கான்வாஸ் ஷூ போட வேண்டும் என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தீர்மானம் போட்டார்களே, அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவராவது ஜவ்வாது மலையை எட்டிப் பார்த்திருப்பாரா?

அம்சவல்லியின் பெண்கள் அணிக்கு அந்தக் குழுவின் அங்கீகாரம் இல்லை. அதனால் போன வருஷம் திருப்பத்தூர் போட்டியில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறினாள். இந்த வருஷம் விடக்கூடாதென்று, புளி உலுக்கிய கூலியில் ஏழு பேருக்கும் ஷூ வாங்கினாள்.

ஆட்டத்தைப் பார்த்து அங்கீகாரம் தருவதற்குக் குழுவின் பார்வையாளர் கோபால்சாமி ஜீப்பில் வந்து இறங்கினார். எதிர்த்து ஆட சந்தவாசல் அணியும் வந்திருந்தது. ஊரிலேயே சமதரை என்றால் சாமை அடிக்கிற களம் ஒன்றுதான். அதைச் சாணம் மெழுகிக் கோடு போட்டிருந்தார்கள். களத்தோரம் ஏழு ஜோடி ஷூவும் மஞ்சள் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன.

"ஏம்மா, ஷூ போடலையா?" என்றார் கோபால்சாமி.

"ஷூ இருக்கணும்னு சொன்னாங்க, வாங்கி வெச்சிட்டோங்க" என்றாள் அம்சவல்லி. "களத்துல எப்டிங்க போடறது? தானியம் எறங்குற எடம். அது சாமிங்க."

"காலில் இல்லைன்னா அங்கீகாரம் இல்லை. இருட்டறதுக்குள்ள நான் கீழே இறங்கணும்."

அணியில் இளையவளான ரஞ்சிதம் அம்சவல்லியின் கையைப் பிடித்தாள். "போவட்டும் வுடுக்கா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் மட்டும் இன்னா வாழுது? அந்த அறுத்த கொல்லையில கோடு போடு. ஷூவ எடுங்கடி!"

கொல்லை என்று பேர்தானே தவிர, கல்லும் அறுத்த சாமைத் தாளும் சரிவும்தான். புது ஷூ குதிகாலைக் கடித்தது. சந்தவாசல் பெண்களுக்கு அது பழகிய ஷூ. இவர்களோ பனிக்காலத்தில்கூட வெறுங்காலோடு நடந்தவர்கள். கபடி பாடிக்கொண்டு முதல் தடவை எதிரணிப் பக்கம் போனபோதே அம்சவல்லி தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. எழுந்தாள். மறுபடி போனாள், மறுபடி விழுந்தாள்.

கோபால்சாமிக்கே பொறுக்கவில்லை. "ரத்தம் கொட்டுதேம்மா. நிறுத்திக்கலாம்."

"நேரம் முடியலீங்களே. நீங்க பாருங்க, நாங்க ஆடறோம்."

கடைசி விசில் வரை ஆடினார்கள். தோற்றார்கள். ஆனால் ஏழு பேரில் ஒருத்திகூட ஒதுங்கவில்லை.

கோபால்சாமியின் பை சாமைக் களத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. எடுக்கப் போனவர் விளிம்பில் நின்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு களத்தைக் கடந்தார்.

பையோடு திரும்பி வந்தவர் சொன்னார், "அடுத்த மாசம் திருப்பத்தூருக்கு அணியைக் கூட்டிட்டு வாம்மா. இந்தத் தடவை வாசல்ல நான் நிக்கறேன்."

போன வருஷம் வராத அழுகை அம்சவல்லிக்கு அப்போதுதான் வந்தது.