தூங்குகிற ஒயின்

திராட்சை விளையும் எங்கள் லாங்கே குன்றுகளில் பக்கத்துத் தோட்டக்காரனின் ஒயினைக் குறை சொல்வது, அவன் பெண்டாட்டியைக் குறை சொல்வதைவிட ஆபத்து. பெண்டாட்டியைச் சொன்னாலாவது சில பேர் ஆமாம் போடுவார்கள். அதனால் எங்களிடம் ஒரு வார்த்தை தயாராக இருக்கும். வாயில் வைத்த ஒயினில் மணமும் இல்லை குணமும் இல்லை என்றால், கிளாஸை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "தூங்குது. இன்னும் கொஞ்ச காலம் வேணும்" என்போம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் பரோலோ ஒயின் இளசில் வாயைத் திறக்காது. வயதான பிறகு திறந்தால் மூடாது. நல்ல ஒயினாக இருந்தால் நாங்கள் பாராட்டுவதே இல்லை. பேசாமல் காலிக் கிளாஸை நீட்டுவோம், அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டக்காரன் ஒத்தாவியோ கிபௌதோவின் ஒயின் நிலவறையில் நான் கிளாஸை நீட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது.

கிபௌதோ வீட்டு ஒயின் எங்களுக்கெல்லாம் கோயில் மாதிரி. என் அப்பா தன் ஒயினை விற்ற காசில் அவர்கள் ஒயினை வாங்கிக் குடித்தவர். "நம்ம வீட்டுது தாகத்துக்கு, அவங்க வீட்டுது புத்திக்கு" என்பார். அந்தப் பேரை உண்டாக்கியவர் ஒத்தாவியோவின் அப்பா செக்கோந்தோ. கொள்ளைநோய் வந்த வசந்தத்தில் அவர் போனார். அதற்குப் பிறகு ஒத்தாவியோ இறக்கிய ஒயின் எதுவும் விழிக்கவே இல்லை. விழிக்காததை வெளியே அனுப்ப மாட்டேன் என்று பாட்டில்களை அடுக்கிக்கொண்டே போனான். முதலில் கொஞ்சம் அனுப்பினான். வாங்கினவர்கள் மறுபடி கேட்டு எழுதவில்லை. "இப்பத்திப் பசங்களுக்கு ஆரஞ்சு கலர்ல எதையாவது ஊத்தி ஐஸ் போட்டுக் கொடுத்தா போதும்" என்று திட்டுவான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இந்த வருஷம் மார்த்தீன் திருநாளுக்கு அவன் மகள் மிலேனா வந்து சேர்ந்தாள். நியூசிலாந்தில் யார் யாருடைய நிலவறையிலோ வேலை பார்த்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு, இனி இங்கேதான் என்று வந்துவிட்டாள். எங்கள் பக்கம் குத்தகைக்காரர்கள் வீடு மாறுவது அந்தத் திருநாளில்தான். நல்ல சகுனம் என்று ஒத்தாவியோ குதித்தான். அவள் பெட்டியை முற்றத்தில் வைத்ததும் வைக்காததுமாக, எனக்கு ஆள் அனுப்பிவிட்டான்.

"ரெமோ, இன்னைக்கு எல்லாத்தையும் திறக்கிறேன்டா. புதுசுலேர்ந்து பழசு வரைக்கும். எதுக்கு வந்திருக்கோம்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

"விழிச்சிருக்குமா?"

"இந்த வருஷம் விழிச்சிருக்கும். என் மனசு சொல்லுது."

மூன்று பேரும் இறங்கினோம். கடைசிப் படியில் மிலேனா நின்றுவிட்டாள். தாத்தாவை நினைத்துக்கொண்டாளாக்கும் என்று நானும் நின்றேன். அவள் மூக்கு மட்டும் இரண்டு தரம் விரிந்தது.

ஒத்தாவியோ கண்ணாடிக் குழாயைப் பெரிய பீப்பாய்க்குள் விட்டு, இளசான ஒயினை உறிஞ்சி எடுத்து மூன்று கிளாஸிலும் விட்டான். பிறகு அதற்கு முந்தைய வருஷங்களின் பாட்டில்களை வரிசையாகத் திறந்தான். தொட்டுக்கொள்ள ரொட்டி, தோமா சீஸ், வேறொன்றும் கிடையாது. நான் குடித்தேன். நிறம் இருந்தது, துவர்ப்பு இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது இல்லை. சுவருக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல இருந்தது.

"சொல்லுடா."

"தூங்குது" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிற்று.

"தூங்குதா, செத்தே போச்சா?" என்று அவனே சிரித்தான். "நீ சொல்லு புள்ள."

மிலேனா முகர்ந்தாள், குடிக்கவில்லை. "பழசைத் திறங்கப்பா" என்றாள்.

செக்கோந்தோ இறக்கிய எண்பத்தொன்பதாம் வருஷத்துப் பாட்டிலை அவன் குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்து வந்தான். கார்க் வெளியே வந்தது. காய்ந்த ரோஜா, தார், மழைக்குப் பிந்தைய மண் எல்லாம் ஒன்றாக வந்தன. வாயில் வைத்தால் அது போகவே இல்லை. அந்த மனிதர் இன்னும் சாகவில்லை என்று தோன்றியது. நான் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை நீட்டினேன்.

"பாத்தியா!" ஒத்தாவியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுவும் தூங்கினதுதான். எத்தனை வருஷம்! அப்பா சொல்வாரு, அவசரப்படாதேம்பாரு."

"அப்பா, கிளாஸ எல்லாம் எடுத்துக்கிட்டு மேல வாங்க."

"மேலயா? கிபௌதோ எவனும் பரோலோவ மேல கொண்டுபோய்க் குடிச்சதில்ல. பொறந்த எடத்துலதான் ருசி பாக்கணும்."

"ஒரு தடவை. எனக்காக."

மகள் கேட்டால் மறுக்கத் தெரியாதவன். முற்றத்தில் பனிமூட்டம் வாதுமை மரத்தின் பாதியை விழுங்கியிருந்தது. மிலேனா அவனுடைய நிலவறைக் கோட்டைக் கழற்றச் சொன்னாள். முகம் கழுவச் சொன்னாள். சாலை வரை போய்த் திரும்பி வரச் சொன்னாள்.

"கல்யாண மாப்பிள்ளை ஆக்கிட்டா என்னை" என்று அவன் முனகிக்கொண்டே போனான். நானும் கூட நடந்தேன். வேலைக்காரியிடம் நெத்திலியும் பூண்டும் எண்ணெயில் போட்டுக் காய்ச்சச் சொல்லியிருப்பதாகவும், ராத்திரி விருந்துக்கு நான் இருந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னான்.

திரும்பி வந்ததும் மிலேனா ஒரு பாட்டிலின் ஒயின் இருந்த கிளாஸை அவன் கையில் கொடுத்தாள். அவன் முகர்ந்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம்" என்றான். "கார்க் கெட்டிருக்கு. நாசமாப் போனவன், மட்டமான கார்க்க வித்திருக்கான்."

அடுத்த கிளாஸ். "இதுவும் கார்க்." அடுத்தது. "இதுவும்." குரல் உயர்ந்துகொண்டே போனது. கடைசிக் கிளாஸை எடுத்து முகர்ந்துவிட்டு, "இதுலயும் கார்க்..." என்று ஆரம்பித்தான்.

"அது பீப்பாயிலேர்ந்து எடுத்ததுப்பா" என்றாள் மிலேனா. "அதுக்குக் கார்க்கே கிடையாது."

அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்த கல்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நிலவறைய எதால கழுவினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த வசந்தத்தில் இந்த முற்றம் முழுக்க நீச்சல்குளம் மாதிரி நாறியது.

"பிளீச்" என்றான் கடைசியில். "அப்பா கீழ போகாம இருக்க மாட்டேன்னுட்டாரு. அவரு கை வைக்கிற எடமெல்லாம் தொடச்சேன். கைப்பிடி, உத்தரம், பீப்பாய், தரை, எல்லாம். ரேடியோவுல அப்படித்தானே சொன்னான்?"

"பிளீச்சும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தா இந்த வாசனை வரும்பா. மரத்துல ஏறிட்டா போகாது, ஒயின்லயும் இறங்கிடும். முன்னமே பாட்டில்ல அடைச்சதால தாத்தாவோடது தப்பிச்சுது. உள்ளயே இருக்கிறவங்க மூக்குக்குப் பழகிடும்."

"அவரு போனப்புறமும் கழுவினேன்" என்றான், அவள் சொன்னது காதில் விழாதவன்போல. "தினமும் கழுவினேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

என் நிலவறையில் ஒட்டடையைக்கூட நான் தட்டியதில்லை. சோம்பேறி என்று ஊரே சிரிக்கும். சோம்பேறியின் ஒயின் பிழைத்தது. அப்பனைக் காப்பாற்றத் துடைத்தவனின் ஒயின் செத்தது. கடவுளிடம் நியாயம் கேட்கலாம் என்றால், அவரும் எங்களைப்போலத்தான், கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காலம் வேண்டும் என்பார்.

"இருக்கிற ஒயின ஏதாவது பண்ண முடியுமா?"

"முடியாதுப்பா."

"பீப்பாய்?"

"போகணும். உத்தரமும் போகணும்."

அவன் என் பக்கம் திரும்பினான். "ரெமோ, உனக்குத் தெரியுமா?"

"உன் பாட்டில் ஒண்ண வீட்டுல திறந்தேன். கார்க் கெட்டுப்போச்சுன்னு கீழ ஊத்திட்டேன்."

"ஏன்டா சொல்லல?"

"ஒரு கார்க்குக்காகக் கிபௌதோ வீட்டுப் படியேறிக் குத்தம் சொல்லச் சொல்றியா?"

அவன் தலையை ஆட்டினான். திரும்ப எழுதாத ஒவ்வொருவனும் ஒரு பாட்டிலைத் திறந்து, ஒரு கார்க்கைத் திட்டி, கிபௌதோ பேருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பான். ஒத்தாவியோ கணக்குப் போட்டு முடித்தது முகத்தில் தெரிந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பீப்பாய் ஒயின் இருந்த கிளாஸுடன் படியிறங்கிப் போய்விட்டான்.

மிலேனா பிரிக்காத பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "நான் வேலைய விட்டுட்டு வந்துட்டேன் மாமா. அங்க வேற ஆள் போட்டாச்சு" என்றாள். உள்ளேயிருந்து பூண்டு வேகும் வாசனை வந்தது. வேலைக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்துக் கீழேயிருந்து சத்தம் வந்தது. "ரெமோ! மிலேனா! இங்க வந்து பாருங்க! இங்க நல்லாத்தான் இருக்கு!"

அவள் அசையவில்லை. இரண்டு கையாலும் காதை மூடிக்கொண்டாள். யாராவது போகத்தானே வேண்டும்? நான் இறங்கினேன்.

விளக்கடியில் பீப்பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்கும் ஊற்றிக் கொடுத்தான். தெரிந்துகொண்ட பிறகு என் மூக்கு அதை விடுவதாக இல்லை. சுவர், உத்தரம், அவன் கோட்டு, எல்லாவற்றிலும் நனைந்த அட்டைப்பெட்டி. மூச்சை அடக்கிக்கொண்டு முழுவதையும் குடித்தேன்.

"சொல்லு."

"நல்லாருக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கண்.

"பொய் சொல்றடா. நல்லாருந்தா நீ வாயத் திறப்பியா? கிளாஸ நீட்டியிருப்ப."

நான் கிளாஸை நீட்டினேன். அவன் ஊற்றவில்லை.