இறங்க மறுத்த சுருதி

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது டியூபா என்ற பெரிய பித்தளை வாத்தியம். அதற்குப் பின்னால்தான் ஆள் தெரிந்தார்.

ராய் சக்டன் ஸ்டூடியோ வாசலில் நின்று எண்ணினான். இருபத்துநாலு பேர். எல்லோருக்கும் சிவப்புக் கோட்டு, தங்க நிறப் பொத்தான். லண்டன் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்ன்ஸ்லி நகரை ஒட்டிய ராய்டன் மூர் நிலக்கரிச் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு யார்க்‌ஷரிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்திருந்தது. கடைசியாக இறங்கினார் ராயின் அப்பா ஹெர்பர்ட், யூஃபோனியம் என்ற தன் ஊதுவாத்தியத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு.

"முடி வெட்ட லண்டன்ல ஆளே இல்லையாடா?" என்றார்.

"நல்லா இருக்கீங்களாப்பா?"

"உன் தலையைப் பாக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்."

டின் பார்சன்ஸ் என்ற ராக் குழுவில் ராய் பேஸ் கிதார் வாசித்தான். மூன்று ரெக்கார்டு வெளிவந்திருந்தன. அவன் எழுதிய பாட்டு ஒன்றிலும் இல்லை. பாட்டு எழுதுவது பியர்ஸ் லாக்வுட். பாடுவதும் அவன். எது ரெக்கார்டில் ஏறும், எது ஏறாது என்று சொல்வதும் அவன். நாலாவது ரெக்கார்டுக்கு ராய் துணிந்து ஒன்றைக் கொண்டுவந்தான். பெயர் 'முதல் கூண்டு'. காலை ஷிஃப்டுக்காரர்கள் கூண்டில் நின்று சுரங்கத்துக்குள் இறங்குவதைப் பற்றியது. பியர்ஸ் பாடிக் கொடுத்தான். ஆனால் கடைசிப் பகுதி வெறுமையாக இருந்தது.

"அங்க ஏதாவது பெருசா வரணும்," என்றான் பியர்ஸ். "வரலேன்னா இதைத் தூக்கிட்டு என் ஒன்பது நிமிஷ கிதாரை வெச்சிடலாம்."

"பித்தளை வரட்டும். எங்க ஊர்க் குழு," என்றான் ராய்.

பியர்ஸ் ஒரு சனிக்கிழமை கொடுத்தான். ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை டேப் ரெக்கார்டுத் தகடு வெட்டும் இடத்துக்குப் போய்விடும். சனிக்கிழமையிலும் நாலு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். மறுநாள் காலை குழுவுக்குத் தேவாலய ஊர்வலம் இருந்தது.

உள்ளே டீ கொடுத்தார்கள். டியூபாக்காரர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "அடி தெரியுதே," என்றார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

கூடத்தில் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். இருபத்துநாலு பேருக்கு ஹெட்போன் இல்லை. ஒன்றுதான் இருந்தது. அதைக் குழுவை நடத்தும் ஹிர்ஸ்ட் மாட்டிக்கொண்டார். பாட்டு அவர் காதுக்கு மட்டும் போகும். அவர் கையைப் பார்த்து மற்றவர்கள் ஊத வேண்டும். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் பதிவறையில் ஒலிப்பதிவாளர் மாரிஸ் பென் டேப்பை ஓடவிட்டார்.

ஹிர்ஸ்ட் கையை உயர்த்தினார். குழு ஊதியது.

ராய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. எட்டு வருஷமாக அவன் கேட்காத சத்தம். ஊதியவர்களும் தங்கள் சத்தத்தைக் கேட்டுத் தாங்களே சந்தோஷமாக இருந்தார்கள். ஹிர்ஸ்ட் முகம் மட்டும் கோணிக்கொண்டே போனது. மாரிஸ் டேப்பின் சத்தத்தையும் கூட ஏற்றினார்.

ராய்க்குப் பல் கூசியது.

சோபாவில் படுத்திருந்த பியர்ஸ் எழுந்து உட்கார்ந்தான். "என்னது இது? ரெண்டு மாதா கோயில் மணி சண்டை போடற மாதிரி?"

ஹிர்ஸ்ட் ஹெட்போனைக் கழற்றினார். "மன்னிக்கணும். உங்க டேப் இறங்கிக் கிடக்கு."

"இறங்கலை," என்றார் மாரிஸ். "நேத்துதான் பியானோவுக்குச் சுருதி சேத்தோம். டேப்பும் பியானோவும் ஒண்ணு."

"அப்ப உங்க பியானோவும் இறங்கிக் கிடக்கு."

ராய் கூடத்துக்கு ஓடினான். பியானோவில் பி ஃப்ளாட் ஸ்வரத்தை அழுத்தினான். "அப்பா, இதை ஊதுங்க."

ஹெர்பர்ட் ஊதினார். இரண்டுக்கும் நடுவில் கால் ஸ்வரம் இடைவெளி. அப்பா மேலே, பியானோ கீழே.

ராய் பியானோ மூடியை மெல்லச் சாத்தினான்.

இங்கிலாந்தின் பித்தளைக் குழுக்கள் வெகுகாலமாகவே ஊர் உலகத்துச் சுருதிக்கு மேலே வாசித்து வந்தவை. அவர்களுக்குள் வாசித்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முன் குழாய்களை நீட்டியும் புது வாத்தியம் வாங்கியும் ஒவ்வொரு குழுவாக இறங்கி வந்தன.

"எல்லாருந்தான் மாறிட்டாங்களேப்பா."

"மாறினாங்க. நாங்க ஓட்டெடுப்பு வெச்சோம். இருபத்துமூணுக்கு ஒண்ணு. மாறலை."

"அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான்," என்றார் ஹிர்ஸ்ட்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்டியா?" என்றார் ஹெர்பர்ட். "பதினேழு வயசு வரைக்கும் இங்க ரெண்டாவது கார்னெட் ஊதினவன் நீ. எந்தச் சுருதின்னு உனக்கு நாங்க சொல்லணுமா?"

எழுதும்போது ராய் இந்தச் சத்தத்தைத்தான் மனசுக்குள் கேட்டான். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கவே தோன்றவில்லை. சொந்த வீட்டுப் படிக்கட்டை யார் எண்ணுகிறார்கள்.

இறக்கிப் பார்த்தார்கள். கார்னெட்காரர்கள் குழாயை வெளியே இழுத்தார்கள். ஒருவர் அளவுக்கு மீறி இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. கொஞ்சம் பேர் இறங்கினார்கள், கொஞ்சம் பேர் பாதி வழியில் நின்றார்கள், டியூபா அசையவே இல்லை. மறுபடி ஊதினார்கள்.

"இப்ப மூணு கோயில்," என்றான் பியர்ஸ்.

மணி ஒன்றரை. பியர்ஸ் ராயின் தோளில் கை போட்டான். அவன் அன்பாகப் பேசினால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "ராய், கண்ணா. நல்ல யோசனைதான். நடக்கலை. சாப்பிட வெச்சு அனுப்பிடு. பாட்டு எங்க போயிடப் போகுது? அடுத்த ரெக்கார்டுல பாக்கலாம்."

போன ரெக்கார்டின்போது வேறொரு பாட்டுக்கும் இதே வார்த்தைதான் சொல்லியிருந்தான்.

ராய் கூடத்துக்குப் போனான். எல்லோரும் தகர டப்பாக்களைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த பன்றிக்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைத் தின்றுகொண்டிருந்தார்கள். லண்டன் சாப்பாட்டை நம்பி அவர்கள் வரவில்லை.

"பாட்டை எடுத்துடறாங்கப்பா," என்றான்.

மெல்லுவது நின்றது.

"எங்களாலயா?"

"என்னாலதான்."

ஹெர்பர்ட் மீசையில் ஒட்டியிருந்த கடுகு விழுதைத் துடைத்தார். "இதப் பாரு. எங்க தாத்தா ஊதின சுருதி இது. வேலைநிறுத்தம் வந்தப்பவும் இறங்கலை, ரெண்டு உலகச் சண்டை வந்தப்பவும் இறங்கலை. இன்னிக்கு லண்டன்காரன் சொன்னான்னு இறங்குமா? நாங்க இறங்க மாட்டோம். உங்க டேப்பை வேணா ஏறி வரச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். டியூபாக்காரருக்குப் புரையேறி இருவர் முதுகில் தட்டினார்கள்.

கூடத்தின் மைக்குகள் திறந்தே இருந்தன. ஒலிபெருக்கியில் மாரிஸின் குரல் வந்தது.

"மிஸ்டர் சக்டன், இப்பச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

"எதை? டீ சரியில்லேன்னதையா?"

"டேப்பை ஏறி வரச் சொன்னீங்களே."

"ஆமா. சொன்னேன். அதுக்கு என்ன?"

"வரும்," என்றார் மாரிஸ்.

அலமாரி மேலிருந்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். டேப் மெஷினின் மோட்டாரை அதன் வழியாக ஓட்டினால், ஒரு குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டலாம். வேகம் கூடினால் சுருதியும் ஏறும். வேறு ஏதோ வேலைக்காக வாங்கியது. யாரும் கேட்காததால் மேலே கிடந்தது.

ஹெர்பர்ட்டைப் பதிவறைக்குள் கூப்பிட்டார்கள். 'முதல் கூண்டு' ஓர் ஆர்கனில் ஆரம்பிக்கும். எட்டு எண்ணிக்கைக்கு ஒரே ஸ்வரம்.

"நீங்க அதே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. விடாதீங்க. நான் இதை உங்ககிட்ட கொண்டுவரேன்."

ஹெர்பர்ட் மூச்சிழுத்து ஊதினார். ஆர்கன் கீழேயிருந்து வந்தது. இரண்டும் உரசி அறை அதிர்ந்தது. மாரிஸ் குமிழைத் திருகினார். அதிர்வு கொஞ்சம் நிதானமானது. எட்டு எண்ணிக்கை முடிந்துவிட்டது. டேப்பைப் பின்னால் ஓட்டினார்.

"மறுபடி."

ஹெர்பர்ட் ஊதினார். முகம் கோட்டின் நிறத்துக்கு வந்தது. குமிழ் திரும்பியது. உரசல் நீண்ட அலையாகி இன்னும் நீண்டது. மூன்றாவது தடவை, ஆறாவது எண்ணிக்கையில், அது நின்றது. ஆர்கன் எது, யூஃபோனியம் எது என்று தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருபத்துமூன்று பேர் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெர்பர்ட் வாத்தியத்தை இறக்கினார். "வந்துடுச்சில்ல?"

"வந்துடுச்சு," என்றார் மாரிஸ்.

டேப் அந்த வேகத்திலேயே ஓட, மூன்று மணி பத்து நிமிஷத்துக்குப் பதிவு முடிந்தது. இரண்டே தடவையில்.

கேட்க எல்லோரும் பதிவறைக்குள் நெருக்கியடித்தார்கள். டியூபா வெளியே நின்றது. மாரிஸ் ஒழுங்கானவர். பெட்டியைக் கழற்றி, மெஷினைப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்து ஓடவிட்டார். டேப்பில் இருந்த எல்லாமே சேர்ந்து இறங்கின. கிதார், ஆர்கன், பித்தளை எல்லாம் ஒரே சுருதி. உலகத்துச் சுருதி.

ராய் மூச்சுவிட்டான். ஹிர்ஸ்டின் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்," என்றார். "இப்படி இருக்கும்னு. யாராவது கேட்டீங்களா?"

மற்றவர்கள் ஹெர்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது நாங்க இல்ல," என்றார் ஹெர்பர்ட். "எங்களை இறக்கிட்டீங்க."

"கால் ஸ்வரந்தானேப்பா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுது. வயசான மாட்டு வண்டி மாதிரி இருக்கு. இப்படிப் போட்டா எங்க பேரைப் போடாதே."

"எனக்கும் கொஞ்சம் தூங்கி வழியற மாதிரிதான் இருக்கு," என்றான் பியர்ஸ். கடிகாரத்தைப் பார்த்தான். "என்னோட ஒன்பது நிமிஷம் தயாரா இருக்கு, மாரிஸ்."

ராய் அப்பாவைப் பார்த்தான். பியர்ஸைப் பார்த்தான். இருவரும் ஒரே பக்கம் நிற்பது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வேடிக்கைதான் அவனைப் பேச வைத்தது.

"மாரிஸ், பெட்டியை மாட்டுங்க. அவங்க வாசிச்ச உயரத்துலயே போடுங்க."

"அப்படிப் போட்டா பியர்ஸ் குரலும் ஏறும்."

"ஏறட்டும்."

"டேய், என் குரல்டா அது," என்றான் பியர்ஸ்.

மாரிஸ் போட்டார். பித்தளை பழைய வெளிச்சத்தோடு எழுந்தது. சுரங்கக்காரர்கள் முகம் மலர்ந்தது. பியர்ஸ் வாயைத் திறந்தான், நிறுத்தச் சொல்ல. அப்போது அவன் குரல் வந்தது. மெலிந்து, துடிப்பாக, சிகரெட் புகையே படாத குரல். முப்பத்திரண்டு வயது பியர்ஸ் இருபது வயதுப் பையனாகப் பாடிக்கொண்டிருந்தான்.

திறந்த வாய் அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவை போடு," என்றான்.

போட்டார்கள்.

"பரவாயில்லை," என்றான். "அந்த ரெண்டாவது அடி மட்டும் இன்னொரு தடவை."

நாலாவது தடவை கேட்டு முடித்துவிட்டு, மாரிஸின் காதருகே குனிந்து மெதுவாகக் கேட்டான். "மத்த பாட்டையும் இப்படிப் பண்ண முடியுமா?"

"முடியாது," என்றார் மாரிஸ். "ஆனா இதை இப்படியே விடலாம்."

"விட்டுடு. ராய், உன் பாட்டு உள்ளே."

இருபத்துநாலு பேர் ஒரே நேரத்தில் ராயின் முதுகில் தட்ட முயன்றார்கள். நாலு மணிக்கு பஸ் கிளம்பியபோது அவனுக்கு வலது தோள் வலித்தது. ஹெர்பர்ட் ஜன்னலைத் திறந்து அவன் தலையைக் காட்டி, "முடி," என்றார்.

ரெக்கார்டு செப்டம்பரில் வந்தது. 'முதல் கூண்டு' இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. கேட்டவர்களுக்குப் பிடித்தது. கிதார் வைத்திருந்தவர்கள் மட்டும் கடிதம் எழுதினார்கள். ரெக்கார்டோடு சேர்ந்து வாசிக்க முடியவில்லை, எந்தக் கட்டையிலும் அகப்படவில்லை, இது என்ன மாயம் என்று. ஒரு பத்திரிகை பியர்ஸிடமே கேட்டது. பியர்ஸ் கூசாமல் சொன்னான். பல மாதம் இந்திய சங்கீதத்தில் மூழ்கிக் கிடந்தானாம். மேற்கத்தியக் காதுக்கு எட்டாத ஸ்வரங்களை அங்கேதான் கண்டெடுத்தானாம்.

ராய் அதை ராக் குழுவின் வேனில் வைத்துப் படித்தான். அந்த வாரமே அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"பத்திரிகையைப் படிச்சோம்," என்றார் ஹெர்பர்ட்.

"கோவமாப்பா?"

"கோவம் என்ன கோவம்? ஞாயித்துக்கிழமை பூங்காக் கச்சேரிக்கு நோட்டீஸ்லயே போட்டுட்டோம். 'ராய்டன் மூர் சுரங்கக் குழு, இந்திய முறையில்'னு. மழையிலயும் இருநூறு பேர் வந்தாங்க."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"ஒரு அம்மா வந்து கேட்டாங்க, இது இந்தியாவுல எந்தப் பக்கத்து சங்கீதம்னு."

"என்ன சொன்னீங்க?"

"பார்ன்ஸ்லிக்குக் கொஞ்சம் தெக்கேன்னு சொன்னேன்."