பிரசவ வார்டைத் தூக்க வந்த லாரி

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு வளைவை ஒட்டி அந்த அரசு மகப்பேறு மருத்துவமனை இருந்தது. சுற்றுவட்ட மீனவக் குப்பங்களில் பாதிப் பேர் பிறந்தது அங்கேதான். வரும் ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே பிரசவம் பார்க்கக் கூடாது என்ற உத்தரவு ஒரு மதிய வேளையில் செவிலியர்களின் செல்பேசிக்கு வந்தது. செலவைக் குறைக்கிறார்களாம். இனி அங்கே மாத்திரையும் ஊசியும் மட்டும்தான். பிள்ளை பெற ராயபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளர் அஜீசுன்னிசா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர், அந்த வார்டிலேயே தலை நரைத்த செவிலியர். சங்கத் தலைவர் என்றால் கத்துவார் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு அவர் ஏமாற்றம்தான். குரலை உயர்த்த மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை அதையே திரும்பக் கேட்பார்.

மண்டல அதிகாரி அவரைக் கூப்பிட்டு, டீ வரவழைத்து, இதமாகவே பேசினார்.

"உங்க ஆளுங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லம்மா. கான்ட்ராக்ட் நர்சுங்க எல்லாரையும் நிரந்தரம் பண்ணி வேற இடத்துல போட்டுடறோம். சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"வலியோட வர்ற பொம்பளைங்க ராயபுரத்துக்கு எப்டி சார் போவாங்க?"

"ஆம்புலன்ஸ் இருக்கே."

"ஆம்புலன்சும் அந்த லாரிங்க பின்னாலதான் நிக்கும். எப்டி சார் போவாங்க?"

அதிகாரி டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். "எங்க ஆளுங்களக் கேட்டுச் சொல்றேன்" என்று அஜீசுன்னிசா எழுந்தார். அவருடைய டம்ளர் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாப்பாட்டு அறையில் கூட்டம் நடந்தது. அதிகாரி சொன்னதை அஜீசுன்னிசா ஒளிக்காமல் அப்படியே சொன்னார். முதலில் எழுந்தவள் ரூத். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும் தெருவில் குடியிருப்பவள். ஒப்பந்தச் செவிலியர்களிலேயே கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள்.

"அக்கா, நான் கான்ட்ராக்ட்ல சேந்தப்போ எனக்குக் கல்யாணமே ஆவல. இப்ப எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது. இன்னும் வருசா வருசம் வேல கீதா இல்லியான்னு பயந்துகினே கீறேன். அவங்களா தர்றேன்னு சொல்றாங்க. அத வாணாம்னு சொல்ல நீ யாரு?"

அஜீசுன்னிசாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் கேட்டதில் பொய் இல்லை.

"நீ கேக்கறது நியாயந்தான் ரூத். உன் வேல நிரந்தரம் ஆவணும்னு நாமதான் இத்தினி நாளா கேட்டுகினு கீறோம். அது உனுக்குச் சேர வேண்டியது. லஞ்சமா எதுக்கு வாங்கணும்? இன்னிக்கு இந்த வார்டக் குடுத்து அத வாங்குவ. நாளைக்கு நீ போற எடத்தையும் மூடுவாங்க. அப்ப எதக் குடுப்ப?"

"அப்ப ஸ்ட்ரைக்தான்!" என்று யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"நாம வேலைய நிறுத்தினா வார்டு தானா மூடிக்கும். அவங்களுக்கு அதான வேணும்? நாம வேல செய்வோம். ஒண்ணாந்தேதிக்கு அப்பறமும் செய்வோம். வாசலுக்கு வர்றவள உள்ள கூப்ட்டுப் படுக்க வெப்போம்."

சங்கத்தில் இல்லாத டாக்டர் கீர்த்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வலி எடுத்து வந்தவளத் திருப்பி அனுப்புன்னு எந்த உத்தரவும் என்கிட்ட சொல்ல முடியாது. நான் இருக்கேன்" என்றார்.

"வேல போச்சுன்னா?" என்றாள் ரூத்.

"மொதல்ல என்னுது போவும். செயலாளர் நான்தான."

கைகள் உயர்ந்தன. ரூத்தின் கை மடியிலேயே இருந்தது.

மாதக் கடைசிவரை அஜீசுன்னிசா ஓய்வாக உட்காரவில்லை. டூட்டி முடிந்ததும் குப்பம் குப்பமாக நடந்தார். வலை பின்னுகிற இடத்தில், மீன் விற்கிற இடத்தில், தண்ணி லாரி வரும் இடத்தில் நின்று சொன்னார்: "மூடலம்மா. நாங்க உள்ளதான் கீறோம். வாங்க."

ஒன்றாம் தேதி காலை ரூத் சீருடையில் வந்து நின்றாள். அஜீசுன்னிசா அவளைப் பார்த்தார்.

"இன்னாக்கா பாக்குற? கை தூக்கலதான். டூட்டிக்கு வர மாட்டேன்னு சொன்னேனா?"

அவள் பேசி முடிப்பதற்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. குப்பத்திலிருந்து நீலா, தலைப்பிரசவம். ரூத் அவளைத் தாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

சிறிது நேரத்தில் காலி லாரி ஒன்றும் வந்தது. முன்னால் ஜீப்பில் அதிகாரி. லாரியில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் சுமை தூக்குபவர்கள். அவர்களுக்கு மேஸ்திரி டில்லிபாபு. கட்டில்களையும் பிரசவ மேசையையும் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார்கள்.

வாசல்படியில் அஜீசுன்னிசா நின்றார். பின்னால் செவிலியர்கள், ஆயாக்கள். விஷயம் கேள்விப்பட்டு மீன் கூடையோடு ஓடி வந்த பெண்கள் சாலையோரம் நிறைந்துவிட்டார்கள்.

"வழி விடுங்கம்மா. இது அரசு உத்தரவு. தடுத்தா சஸ்பெண்ட் ஆவீங்க."

"பிரசவ மேசையில ஒரு பொண்ணு படுத்துகினு கீது. எப்டி சார் எடுப்பீங்க?"

"வழி விடுங்க!"

"எப்டி சார் எடுப்பீங்க?"

அதிகாரி மேஸ்திரியிடம் திரும்பி, உள்ளே போகச் சொன்னார். டில்லிபாபு இரண்டு படி ஏறினார். அப்போது உள்ளிருந்து நீலாவின் அலறல் கேட்டது. அவர் நின்றார். கதவைத் திறந்துகொண்டு கையுறையோடு ரூத் வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"தல தெரியுது. இப்ப எவனாவது உள்ள வந்தீங்க, நடக்கறதே வேற!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டில்லிபாபு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"காலி பில்டிங்கு, பழைய கட்டில்னு சொல்லித்தான எங்கள இட்டாந்தீங்க? நாங்க இரும்பு தூக்கறவங்க சார். புள்ள பெத்துகினு கீறவள மேசையோட தூக்கறவங்க இல்ல."

"கூலி பேசித்தான வந்தீங்க?"

"எங்களுக்கும் சங்கம் கீது சார். இந்த லாரில ஒரு தலகாணிகூட ஏறாது. வேற எவனும் வந்து ஏத்த மாட்டான். டேய், எறங்குங்கடா!"

அவருடைய ஆட்கள் பொத் பொத்தென்று குதித்து, அஜீசுன்னிசாவின் பக்கத்தில் படிகளில் உட்கார்ந்தார்கள். மீன்காரப் பெண்கள் போட்ட சத்தத்தில் சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரி டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியபோதுதான் குழந்தையின் அழுகை எல்லோர் காதிலும் விழுந்தது.

"பொண்ணு!" என்று ஜன்னல் வழியாக ரூத் கூவினாள்.

லாரி காலியாகவே திரும்பியது.

அந்த வாரம் முழுவதும் வார்டு நிரம்பி வழிந்தது. வெளியே பந்தல் போட்டுக் குப்பத்துப் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் ஊர்வலமாக வந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் மேலிடத்திலிருந்தே பேச அழைப்பு வந்தது. அஜீசுன்னிசா ரூத்தையும் கூட்டிப் போனார்.

"உத்தரவ வாபஸ் வாங்கிக்கிறோம்" என்றார் பெரிய அதிகாரி. "ஆனா நிரந்தரம் பத்தின பேச்சு முடிஞ்சுது. அத நீங்கதான் வேணாம்னீங்க."

"வார்டு மூடினா இவங்கள நிரந்தரம் பண்ண முடியும்னீங்க. வார்டு ஓடினா ஏன் சார் முடியாது?"

"அது வேற விஷயம்மா."

"ஏன் சார் முடியாது?" இம்முறை கேட்டது ரூத்.

பேச்சு மாலைவரை நீண்டது; அது கிடைக்காமல் பந்தலைப் பிரிக்க மாட்டோம் என்று இருவரும் உறுதியாக நின்றார்கள். வெளியே வந்தபோது இரண்டும் கிடைத்திருந்தன: பிரசவ வார்டு இருக்கும்; ஒப்பந்தச் செவிலியர்கள் அங்கேயே நிரந்தரமாவார்கள். படியிறங்கும்போது ரூத் அஜீசுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனை வாசலில் மேளம் முழங்கியது. டில்லிபாபுவின் ஆட்கள் லாரி நிறைய வந்து இறங்கி ஆடினார்கள். கேசரியும் டீயும் போய்க்கொண்டே இருந்தன. பேசச் சொல்லி அஜீசுன்னிசாவை மேசைமேல் ஏற்றினார்கள். அவர் "தோழர்களே" என்று ஆரம்பித்தபோது, கூட்டத்தின் கடைசியில் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. உள்ளே ஒரு கர்ப்பிணி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மேளத்த நிறுத்துங்கப்பா! வழி வுடு, வழி வுடு!"

கடல் பிளந்ததுபோல் கூட்டம் இரண்டாக விலகியது. அஜீசுன்னிசா மேசையிலிருந்து குதித்து இறங்கி, "ரூத்! பெட்ட ரெடி பண்ணு!" என்று உள்ளே ஓடினார்.