டெவோனா, போனை எடு

சனிக்கிழமை மதியம், எம்.எல்.கே. சாலையில் கார் கழுவும் இடத்துக்குள் மேயரின் வண்டி நுழைந்ததும், ஈரத்துணியோடு நின்றிருந்த ஒருவன் மூக்கால் இழுத்து, "டெவோனா, போனை எடு" என்றான். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேயர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கழுவாமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தன் பழைய காரின் டிக்கியைத் திறந்து வைத்து சி.டி. விற்றுக்கொண்டிருந்த டெவோனா புரூசார்டுக்கு அதைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மேயர் என்பது அவன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்தது கெண்டல் ஓட்ஸ். ஹூஸ்டனின் தெற்குப் பக்கத்துக்கே தான்தான் மேயர் என்று ஒரு ராப் பாட்டில் சொன்னான், ஊரும் சரி என்று ஒப்புக்கொண்டது. அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது அந்த ஒரே பாட்டு. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியது அதன் இரண்டாவது சரணம். அந்தச் சரணம் டெவோனாவுடையது. கோழி பொரிக்கும் கடையில் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நின்றபடி ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு உரசிப் பார்த்து, உதட்டுக்குள் முணுமுணுத்து, வீட்டுக்கு வந்ததும் மறப்பதற்குள் கேசட்டில் பேசி வைப்பாள். கேசட்டுகள் கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தன. அந்தச் சரணத்தை ஒரே ஒரு தடவை, சமையலறையில் வைத்து, அண்ணன் ட்ரேலனுக்கும் அவன் கூட்டாளி மேயருக்கும் சொல்லிக் காட்டினாள். இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, போன் பேச்சைப் பதிவு செய்யும் மெஷினில் மேயரின் குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் திருப்பிக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் அதே சரணம், ஒரு சொல் பிசகாமல், ரேடியோவில் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு கேசட்டைக் காணோம்.

அன்றைக்கு ட்ரேலன் சுவரில் குத்தினான். அவன் எப்போதுமே படபடவென்று, சொல்லை மென்று விழுங்கித்தான் பேசுவான். "மெதுவாப் பேசுடா" என்று அம்மா தினமும் சொல்ல வேண்டியிருக்கும். கோபத்தில் இன்னும் வேகமாகச் சொன்னான். வீட்டுக்குள்ள புகுந்து எடுத்திருக்கான், அவன நான் பாத்துக்கறேன், நீ அழாதே. பார்த்துக்கொள்வதற்குள் மழை பெய்த ஒரு சாயங்காலம் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்க வெள்ளைக் கோட்டோடு வந்த மேயரை, தேவாலயத்தில் அத்தனை பேர் பார்க்க டெவோனா வழிமறித்தாள். உன் கை அவன் மேல் படக்கூடாது என்றாள். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய் வெயிலில் நின்றான். அங்கேயே, அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அண்ணனின் முகத்தை அச்சடித்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இவனை ஊர் சிரிக்க வைக்காமல் ஓயப்போவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

இரண்டு வருடம் ஆனது. எண்ணெய்க்கு முன்னால் நின்று சேர்த்ததையெல்லாம் போட்டுத் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். பெயர், 'ட்ரேலன் தங்கச்சி'. அட்டையில் அதே சட்டையில் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். முதல் பாட்டு அண்ணனுக்கு. ஆனால் இவ்வளவு பாடும் அவள் பட்டது எட்டாவது பாட்டுக்கும் ஒன்பதாவது பாட்டுக்கும் நடுவில் வரும் கொஞ்ச நேரத்துக்காகத்தான். இங்கே எல்லோரும் பாட்டுகளுக்கு நடுவே மெஷினில் வந்த பேச்சுகளைப் போடுவார்கள், அம்மாவின் ஆசீர்வாதம், கூட்டாளியின் கிண்டல் என்று. டெவோனா மேயரைப் போட்டாள், அன்றைக்கு மெஷினில் பதிவானதை.

"டெவோனா, போனை எடு. எடும்மா. ஸ்டுடியோவுல நிக்கிறேன், ரெண்டாவது சரணம் வரவே மாட்டேங்குது. அன்னிக்கு அடுப்படியில சொன்னியே, அத எனக்குக் குடு. ஒரு பொண்ணு எழுதினதுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. முடிவெட்டும் கடையில் அவனைப் போல அழுது காட்டினார்கள். அவன் பாட்டுக்கு முன்னால் இந்தக் கெஞ்சலை ஒட்டி ரேடியோவில் போட்டார்கள். கிளப்புகள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஒவ்வொரு செய்தியும் வந்து சேரும்போது டெவோனா அதை வாயில் போட்டுச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டாள், அவளுக்கு அலுக்கவே இல்லை.

ஆனால் ஹூஸ்டனில் ஒரு ஆல்பம் கடைக்கு வந்துவிட்டால் மட்டும் வந்ததாகக் கணக்கில்லை. அதை யாராவது மெதுவாக்க வேண்டும். பாதி வேகத்தில், பாகு இறங்குவது மாதிரி ஓடுகிற கேசட்டாக அது மாறி, வண்டிகளின் டிக்கியிலிருந்து அதிர்ந்தால்தான் தெற்குப் பக்கம் அதைத் தன்னுடையது என்று சொல்லும். அந்த வேலையை லோனி தன் வீட்டுக் கார் கொட்டகையில் செய்துவந்தான். டெவோனாவே போய் சி.டி.யைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கார் கழுவும் இடத்திலிருந்து நேராக அவனிடம் போனாள்.

லோனி வழக்கம்போல் பல்லைக் காட்டவில்லை. ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"இங்கயே கேட்ரும்மா."

"ஏன் லோனிண்ணே, சரியா வரலையா?"

"சரியா வந்திருக்கு. அதான் பிரச்சின."

பொத்தானை அழுத்தினான். மேயரின் கெஞ்சல் கிழவன் நடப்பது போல வந்தது. டெவோனாவுக்குச் சிரிப்பு முட்டியது. அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சளசளப்பு இருக்கும். நூறு தடவை கேட்டிருக்கிறாள், ஸ்டுடியோவில் ஏதோ ஓடுகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது அந்தச் சளசளப்பு பிரிந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, இடம் விட்டு உட்கார்ந்தது. இவ்வளவு நிதானமாக அந்தக் குரல் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அவகிட்டப் போய் ஏண்டா கெஞ்சற. கட்டிலுக்கு அடியில செருப்புப் பெட்டியிலதான் வெச்சிருக்கா. நான் எடுத்துட்டு வர்றேன். அவளுக்கு என்ன தெரியப்போகுது."

அப்புறம் ட்ரேலனின் சிரிப்பு. அது முடிய வெகுநேரம் ஆனது.

"திரும்பப் போடு" என்றாள். போட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"சி.டி.யில தெரியல" என்றான் லோனி. "மெஷின் டேப்பு சன்னமா இருக்குன்னு நான்தான் சத்தத்த ஏத்தினேன். மெதுவாக்கினதும் வந்துருச்சு."

"எத்தன பேர் வாங்கிட்டுப் போனாங்க?"

"காலையில வந்தவங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். முழுசா ஓட்டிக் கேட்டது இப்பத்தான். நீ குடுத்ததுதானேன்னு கேக்காமலே அடிச்சுட்டேன்."

அவன் இறங்கிப் போன பிறகும் அவள் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை. சுவரில் குத்தினானே. அவள் தலையைத் தடவிக்கொடுத்து, அழாதே என்றானே. செத்தவனை என்ன செய்ய முடியும். இன்றும் போட்டிருக்கிற சட்டையின் மார்பில் அச்சடித்திருக்கிற அந்த முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் தன் மேல்தான் விழும். அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் இதே மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போகிறாள். நாளைக்கும் போவாள். தேவாலய ஜன்னலுக்கு வெளியே இந்தக் கேசட்டை அதிரவிட்டபடி வண்டிகள் போகும்.

மேயர் தன் வீட்டு வாசலில் வாளியை வைத்துக்கொண்டு வண்டியைத் தானே கழுவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் துணியைப் பிழிந்தான்.

"சிரிக்க வந்தியா, தங்கச்சி?"

"பெட்டியிலேருந்து எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியும்."

அவன் துணியை மறுபடி பிழிந்தான். அதில் தண்ணீர் இல்லை.

"கொண்டாந்து குடுத்தது அவன். வாங்கிப் பாடினது நான். யாருதுன்னு தெரியாம ஒண்ணும் வாங்கல."

"ஏன் சொல்லல? தேவாலயத்துல உன்ன நாய விரட்டுற மாதிரி விரட்டினேன். அப்பவாவது சொல்லித் தொலைக்கலாம்ல?"

"பெட்டிக்குள்ள படுத்திருக்கான். முன்னாடி உங்கம்மா உக்காந்திருக்காங்க. என்னத்தச் சொல்றது?"

மேயர் வாளியைக் காலால் ஓரம் தள்ளினான்.

"லோனி டேப்பு எனக்கும் வந்துச்சு. கேட்டேன். அவன்கிட்டச் சொல்லி அந்தக் குரல மட்டும் வெட்டிரு. வெளிய போனதத் திருப்பி வாங்கிக்கலாம், நானும் கூட வந்து கேக்கறேன். என்னோடது இருந்துட்டுப் போகட்டும். அது நான் பேசினதுதான்."

இதைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையாகவே எரிந்தது. இரண்டு வருடமாகச் சோறு தண்ணி பார்க்காமல் வளர்த்த பகை. அதற்கு உரியவன் வாசலில் ஈரக்கையோடு நின்று நல்லவனாகிறான். இவனுக்கு நன்றி வேறு சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அதற்குப் பதிலாக இவன் அன்றைக்கே ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"எதையும் வெட்டப்போறதில்ல" என்றாள்.

"அவன் உன் அண்ணன், டெவோனா."

"எழுதினது நான்."

"உங்கம்மா?"

அவள் வண்டிக் கதவைச் சாத்தினாள். தெரு முனை திரும்பும் வரை கண்ணாடியில் அவன் நின்றுகொண்டேயிருப்பது தெரிந்தது.

கார் கழுவும் இடத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. ஆல்பத்தின் அட்டைப்பெட்டியைத் தரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், யாரோ அதை ஓரமாக நிழலில் வைத்திருந்தார்கள். மிளகாய் போட்டு நண்டு வேகிற வாசனை எங்கிருந்தோ வந்தது. அவளைக் கண்டதும் கையைத் தூக்கினார்கள். "வா, தெற்குப் பக்கத்து மேயரம்மா" என்றான் ஈரத்துணிக்காரன். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர்கள் ட்ரேலனின் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள்.

சாலையிலிருந்து ஒரு சிவப்பு வண்டி வளைந்து உள்ளே வந்தது. சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் வெயிலைச் சுழற்றின. டிக்கி மூடி திறந்தே இருந்தது. உள்ளே லோனியின் டேப் ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்து காலில் ஏறியது. எட்டாவது பாட்டு மெல்ல, மெல்ல அடங்கியது.

"எல்லாரும் சும்மா இருங்க, வருது வருது" என்று யாரோ கையமர்த்தினார்கள். குழாயை மூடினார்கள். சிரிப்பதற்காக வாய்கள் முன்கூட்டியே விரிந்தன.

"டெ...வோ...னா..." என்று டிக்கி கெஞ்சத் தொடங்கியது.

சிரிப்பு எழுந்தது. டெவோனா சிரிக்காமல், நகராமல் நின்றாள். அவள் வலது கை தானாக மேலே வந்து, மார்புச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்த அண்ணனின் வாயைப் பொத்தியது.