தட்டு தரையில் படக்கூடாது

வயது என்பது நாம் அனுமதித்தால் மட்டுமே உடம்புக்குள் வரக்கூடியது, சிவநேசன் அனுமதிக்கவில்லை. இதை அவர் பிரிக்பீல்ட்ஸ் ஜிம்மிலும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும், ஒரு முறை கருமாதி வீட்டிலும் அறிவித்திருக்கிறார்.

"ஊசி இல்ல, பவுடர் இல்ல. எல்லாம் நேச்சுரல் லா," என்று அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சட்டைக் கையை மடித்துக் காட்டுவார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அந்தப் புஜம் உண்மையிலேயே பார்க்கத்தக்கதுதான். கால்களுக்கு அவர் பயிற்சி கொடுத்ததில்லை. கால்சட்டை எதற்கு இருக்கிறது?

கிள்ளானில் மனைவியின் அண்ணன் முகுந்தனைப் பார்க்கப் போனபோது, அவர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான், வீட்டுல பொண்டாட்டி இருக்கும்போதே அரிசிப் பையோட குடித்தனமா?"

"கிளினிக்குல சொன்னாங்க மாப்பிள்ளை. வயசானா தொடைதான் மொதல்ல வத்துமாம். பழகினா திரும்ப வரும், ஆனா மெதுவாத்தான் வரும்னாங்க."

"அதெல்லாம் நோயாளிக்கு. என்னைப் பாருங்க."

முகுந்தன் பார்த்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து எழுந்தார்.

அடுத்த மாதம் சிவநேசனின் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். பையனின் அப்பா விமலன் போன் செய்தார். இரண்டு அப்பாக்களும் ஜமக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தட்டு மாற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். வாங்கிய தட்டைக் கீழே வைக்காமல், இரண்டு கையாலும் ஏந்தியபடியே எழுந்து பெண்ணிடம் கொடுக்க வேண்டும். தரையில் பட்டால் பெரியவர்கள் சகுனம் பேசுவார்கள்.

"முட்டி வலின்னா சொல்லுங்க சம்பந்தி, ரெண்டு நாற்காலி போட்டுடலாம்."

"நாற்காலியா? நாம என்ன கிழவனுங்களா?"

போனை வைத்த கையோடு, சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று எவர்சில்வர் தட்டுடன் ஹாலில் சம்மணமிட்டார். உட்காருவது சுலபமாகவே இருந்தது, பாதி தூரம் விழுந்ததால். எழுவதுதான் நடக்கவில்லை. தோள் தயார், மார்பு தயார். தொடை மட்டும் வேறு யாருடையதோபோலக் கிடந்தது. முன்னால் சாய்ந்து உந்தினார். தட்டு பெரும் சத்தத்தோடு தரையில் விழுந்தது. விஷ்ணுப்ரியா ஓடிவந்தாள்.

"அப்பா! விழுந்துட்டீங்களா?"

"ஸ்ட்ரெட்சிங் லா."

அவள் சிரிக்கவில்லை. "நாற்காலி கேட்டுடலாமே ப்பா?"

"வேணாம்."

அவர் புஜத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சின்ன வயதில் அவள் தொங்கி விளையாடிய அதே புஜம். அவள் பிடியில் ஒரு பயம் இருந்தது. அது சகுனத்தைப் பற்றிய பயம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது.

அன்று ஜிம்முக்குப் போகவில்லை. சாயங்காலம் முகுந்தனைக் கூப்பிட்டார்.

"மச்சான், அந்த நாற்காலிய சுவத்தை ஒட்டியா போடணும்? சும்மாத்தான் கேட்டேன்."

மறுபக்கம் சிரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒட்டித்தான். அப்பதான் வழுக்காது. மொத நாளே அரிசி வேணாம் மாப்பிள்ளை."

சிவநேசன் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டினார். அரிசிப் பையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இறக்கி வைத்தார். கைகளை மட்டும் நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கதவ ஏங்க சாத்துனீங்க? உள்ள என்ன பண்றீங்க?" வெளியிலிருந்து மனைவி அமுதவள்ளியின் குரல்.

சிவநேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உந்தினார். பாதிதான் எழுந்திருந்தார்.